பூசக் கூடாத சுவர்

கருணாகரனைத் தம்பின் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, போன வார அத்தியாயத்தை முடித்து நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழு நாளாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், பாவம். அவனை இறக்கிவிடுவதற்கு முன்னால், புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாக்காவில் காஜா பெராங் சாலையில் ஒரு புது மண்டபம் எழும்பியிருக்கிறது. சுதந்திரம் வாங்கி எட்டு வருஷம் கழித்து இந்த வட்டாரத்துக்கென்று கிடைத்த முதல் பெரிய கட்டடம். சீமையில் படித்துவிட்டு வந்த தேவதாஸ் என்கிற கட்டடக் கலைஞர் கோலாலம்பூரில் உட்கார்ந்து வரைந்தது. அவருக்காக இங்கே வெயிலில் நின்று வேலையைக் கண்காணித்தவன் நம் கருணாகரன். இருபத்தாறு வயசு. கிளேபாங் கலியாணசுந்தரத்தின் மகள் விஜயாவைப் பேசி, தட்டு மாற்றியாயிற்று. ஆவணியில் கல்யாணம்.

அவனுடைய அப்பா சேதுபதி. மலாக்கா டவுனில் பூச்சு வேலை என்றால் முதலில் அவர் பேரைத்தான் சொல்வார்கள். ஆனால் மகனுடைய மண்டபத்தில் அவருக்குக் கிடைத்ததோ கழிப்பறையும் சமையல்கட்டும் மட்டும். மற்ற சுவர்களுக்குப் பூச்சே கிடையாது. பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்றி, பலகையைக் கழற்றியபோது எப்படி வந்ததோ அப்படியே விட்டுவிட்டார்கள். மரத்தின் ரேகை, ஆணித் தலை, இரண்டு பலகை சேர்ந்த கோடு எல்லாம் சாம்பல் நிறத்தில் அச்சாகத் தெரிகிறது. தேவதாஸ் அதைத்தான் அழகு என்கிறார்.

அது அழகா இல்லையா என்று உங்களுக்குள்ளேயே சண்டை. ஜாசின் வாசகி ஒருவர், "கல்யாணப் பெண்ணை நலங்கு வைக்காமல் மணையில் உட்கார வைத்தாற்போல் இருக்கிறது" என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறார். மூவாரிலிருந்து ஓர் ஆசிரியர், "பவுடர் அப்பாத முகம்தான் அம்மா நிஜமான முகம்" என்று கார்டு போட்டிருக்கிறார். என்னை இழுக்காதீர்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பிழைக்கிறவள்.

நாளை மாலை நாலு மணிக்குத் திறப்பு விழா. இன்றைய காலையிலிருந்து தொடங்குகிறேன்.

*

ஏழரை மணி. மண்டபத்துக்கு எதிரே இப்ராஹீம் கடையில் சேதுபதி கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் கோகிலா, ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளில் நின்றபடியே அப்பாவிடம் பேசினாள். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாளைய விழாவில் அவளுடைய பிள்ளைகள் அறுபது பேர் மேல்மாடத்தில் நின்று பாடப் போகிறார்கள்.

"அப்பா, பன்னெண்டு மணிக்குப் பிள்ளைங்களை ஒத்திகைக்குக் கூட்டிட்டு வர்றேன். உங்க ஆளுங்க சாமானை எல்லாம் ஓரமா எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் சொல்றேன்."

இப்ராஹீம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, நாளைக்கு விழாங்கிறாங்க, சுவரு இன்னும் பச்சையா நிக்குதே? எப்பப் பூசுவாங்க?"

"பூச மாட்டாங்க இப்ராஹீம். அவ்வளவுதான் அது."

"யா அல்லா! இவ்வளவுதானா? ஜப்பான்காரன் காலத்துல கடலோரமா பங்கர் கட்டினான் பாருங்க, அதேதான்லா இது. எங்க வாப்பாவைக் கல்லு சுமக்க வச்சான். காலங்காத்தால கடையைத் திறந்தா இப்ப எனக்கு அந்த மூஞ்சியில முழிக்க வேண்டியிருக்கு."

"போங்க நானா," என்றாள் கோகிலா. "நீங்க வெளியில நின்னே பாக்குறீங்க. உள்ள வந்து ஒரு தடவை சுவத்துல கை வச்சுப் பாருங்க. மரத்தைத் தொடுற மாதிரியே இருக்கும். அண்ணன் கட்டினதுன்னு சொல்லல, எனக்கு நெசமாவே பிடிச்சிருக்கு."

"உனக்குப் பிடிக்கும்மா. நீ படிச்ச பொண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டாள். அவள் சைக்கிள் திரும்பிய அதே முனையில் கலியாணசுந்தரத்தின் மோரிஸ் கார் வந்து நின்றது.

மனிதர் நல்லவர்தான். ஆனால் மனசில் தோன்றியதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது. இறங்கினார், மண்டபத்தை மேலும் கீழும் பார்த்தார், சேதுபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. ஊர் வீட்டையெல்லாம் கண்ணாடி மாதிரி பூசுறவர் நீங்க. மாப்பிள்ளை நின்னு கட்டினது மட்டும் இப்படி அரைகுறையா நிக்குது. கிளேபாங்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது, அதான் அவர் பூச மாட்டேன்னுட்டாருன்னு. எங்க வீட்டுப் பொம்பளைங்களை நாளைக்குக் கூட்டிட்டு வரவே எனக்குக் கூச்சமா இருக்கு."

சேதுபதி கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஊர் அவரை என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வார். மகனை வேலை தெரியாதவன் என்று நாலு பேர் நினைப்பதை அவரால் தாங்க முடியாது. மகன் விளக்குப் பெட்டிகளை எடுத்து வரத் தம்பின் ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். வர எப்படியும் நாலு மணி ஆகும்.

சமையல்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டார்.

"சுப்பையா, சமையல்கட்டு கிடக்கட்டும். முன்சுவரும் மேல்மாடத்துத் தூண் ஆறும் இன்னிக்கே பூசியாகணும். உளியை எடு."

மூத்த ஆளான சுப்பையன் தலையைச் சொறிந்தான். மேஸ்திரியை இங்கே மண்டோர் என்றுதான் கூப்பிடுவார்கள். "மண்டோர், தம்பி பூச வேணாம்னு சொல்லிச்சே."

"அது சின்னப் பையன். அந்த கோலாலம்பூர்க்காரர் சொன்னதுக்குத் தலையாட்டுது. நாளைக்கு ஊரே பாத்து மூக்குல விரல் வைக்கறப்ப அதுக்கே புரியும்."

ஐயோ மனிதா என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. ஆனால் பாருங்கள், இதில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. மகனுக்குத் தெரியாமல் மகன் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார் அப்பா.

*

பன்னிரண்டு மணிக்கு அறுபது பிள்ளைகளோடு வந்த கோகிலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முன்சுவர் முழுக்க ஈரச் சிமெண்டு. மர ரேகையைக் காணோம். ஆணித் தலையைக் காணோம். மட்டப்பலகை வைத்து இழுத்த வழவழப்பான சுவர், எந்த பாங்கிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கிற சுவர், அவளுக்கு முன்னால் பளபளத்தது.

"அப்பா! என்னப்பா இது?"

சேதுபதி உள்ளே தூண் பக்கத்தில் இருந்தார். திரும்பவில்லை.

அண்ணன் வந்தால் என்ன ஆகுமோ? ஆனாலும் பிள்ளைகள் நிற்கிறார்களே. முதலில் ஒத்திகையை முடித்து அனுப்பிவிடலாம் என்று அவர்களை மாடிப்படிக்கு ஓட்டினாள். தடதடவென்று ஏறிப் போய் வரிசை கட்டி நின்றார்கள். முதல் அடியைத்தான் பாடினார்கள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

அது அப்பாவின் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. சேதுபதி கையில் உளியோடு படி ஏறி ஓடி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. முன்னால் நின்ற பிள்ளையின் தோளைப் பிடித்துப் படிப்பக்கம் தள்ளினார்.

"அப்பா, பிள்ளைங்களை ஏன் விரட்டுறீங்க?"

"பூச்சு ஈரமா இருக்கு. அதிர்ந்தா விழுந்துடும். கூட்டிட்டுப் போ."

"நாங்க பாட்டுதானே..."

"போன்னா போ கோகிலா!"

பிள்ளைகளுக்கு முன்னால் அப்பா அவளை அப்படி அதட்டியதே இல்லை. எல்லாரையும் இறக்கி, சாலையோரமாக வரிசையில் நடத்திக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா மேல்மாடத்துக்குக் கீழே ஒரு தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

நாலு மணிக்கு லோரி வந்தது. கருணாகரன் விளக்குப் பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தான். காஜா பெராங் முனை திரும்பியதும் பாட்டு நின்றது. லோரி நிற்பதற்குள் குதித்துவிட்டான்.

பள்ளி முடிந்து நேரே இங்கே வந்திருந்த கோகிலா வாசலில் அவன் கையைப் பிடித்தாள். "அண்ணே, கோவப்படாத. அப்பா உனக்கு நல்லது செய்யறதா நெனச்சு..."

கேட்கவே இல்லை. முன்சுவரில் கையை வைத்தான். விரல் பதிந்தது.

"ஈரம்தான்! இன்னும் ஈரம்தான்! தண்ணி கொண்டாங்க. குழாயை இழுங்க. கழுவிட்டாப் போயிடும்."

யாரும் நகரவில்லை. சுப்பையன்தான் வாயைத் திறந்தான்.

"தம்பி, கழுவாதீங்க. உள்ள கொத்தியிருக்கு."

"என்னது?"

"சுவரு பூரா உளி வச்சுக் கொத்திதான் பூசினோம். வழவழன்னு இருக்கிற கான்கிரீட்ல கொத்தாமப் பூசினா நிக்காதே தம்பி."

கருணாகரன் அப்படியே சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பூசியதைக் கழுவலாம். கொத்தியதை எப்படி ஒட்ட வைப்பது? அவசர வேலை, திருட்டு வேலை, மகன் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அதிலும் ஒழுங்காகக் கொத்தித்தான் பூச வேண்டும் என்று நினைத்தாரே, அவரை என்ன சொல்வது!

"ஒவ்வொரு பலகையும் நான் பொறுக்கினேன்பா," என்றான். "புக்கிட் காதில் ஊரு மர ஆலையில மூணு நாள் நின்னு பொறுக்கினேன். எந்தக் கணு எங்க வரும்னு எனக்கு மனப்பாடம். நாளைக்குக் காலைல தேவதாஸ் சார் வருவாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சேதுபதி சுவரோரம் நின்றார். வாதாடுவார், சம்பந்தி சொன்னதைச் சொல்லிக் கத்துவார் என்று கோகிலா எதிர்பார்த்தாள். மனிதர் தரையைப் பார்த்தபடி நின்றார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சொல்லுங்கப்பா! பேசுங்க! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"தப்புதான்," என்றார் சேதுபதி.

கருணாகரன் எழுந்தான். சுப்பையன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினான். "சரி. கொத்தினது கொத்தினபடியே நிக்கட்டும். சார் வந்து பாத்து என்னை வேலையை விட்டுத் தூக்கட்டும். பூசி மறைச்சு நிக்க எனக்கு வேணாம். எல்லாத்தையும் தட்டி எடுங்க!"

அவனே ஆரம்பித்தான். மேல்மாடத்துக்குக் கீழே முதல் தூணில் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது தூணிலும் உதிர்ந்தது. மூன்றாவதுக்கு வந்து சுத்தியலை ஓங்கினான்.

சேதுபதி ஓடி வந்து அந்தத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஈரச் சிமெண்டு சட்டையெல்லாம் அப்பியது.

"இதை மட்டும் விட்டுடுப்பா. கும்பிடுறேன். இதை மட்டும் விட்டுடு."

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. கோகிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, மத்தியானம் பிள்ளைங்களை ஏன் இறக்கினீங்க? பூச்சு ஈரம்னு சொன்னீங்களே, அது பொய்தானே?"

சேதுபதி ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"சுப்பையா, எல்லாரையும் வெளியில கூட்டிட்டுப் போ," என்றார். அவர்கள் போனபிறகுதான் பேசினார்.

"கொத்திக்கிட்டே வந்தேன். ரெண்டு தூணு நல்லாக் கணகணன்னு இருந்துச்சு. இதுல உளியை வச்சு ஒரே தட்டு. உளி உள்ள போயிடுச்சு. மேல ஒரு விரல் கனத்துக்குத் தோலு. உள்ள கல்லு கல்லாக் கிடக்கு, சிமெண்டே சேரல. கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் போச்சு. கம்பி விரல்ல தட்டுப்பட்டுச்சு."

"என்னப்பா சொல்றீங்க?" கோகிலா தூணிலிருந்து இரண்டு அடி பின்னால் போனாள். தலைக்கு மேலே மேல்மாடம் இருந்தது. அறுபது பிள்ளைகள் அதன் மேல் நின்றிருந்தார்கள். அவள்தான் ஏற்றிவிட்டாள்.

"அந்தத் தோலு ஊத்தினது இல்ல," என்றார் சேதுபதி. "யாரோ கையால அப்பியிருக்காங்க. அப்பிட்டு, மர ரேகை மாதிரி ஆணியால கீறி விட்டிருக்காங்க. முப்பது வருஷமா இதே தொழில் பண்றேன், கை வேலை எனக்குத் தெரியாதா?"

"நான் நின்னு ஊத்தின தூணுப்பா இது! ஆறும் ஒரே நாள்ல ஊத்தினது. எனக்குத் தெரியாம எப்படி..."

கருணாகரன் சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"ஒரே நாள்லதான்," என்றார் அப்பா. "உனக்குத் தட்டு மாத்தின அன்னிக்கு."

கான்கிரீட் ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் விடக் கூடாது. ஊற்ற ஊற்ற மெஷின் வைத்துக் குத்திவிட வேண்டும், கண்காணிக்கிறவன் அங்கேயே நிற்க வேண்டும். அன்றைக்குப் பத்து மணிக்குச் சேதுபதி டாக்சியோடு வந்து, பத்தரைக்கு மேல் நல்ல நேரம் போய்விடும், பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள் என்று மகனை முழங்கால் சேற்றோடு இழுத்துப் போனார். வேட்டி மாற்றியது கிளேபாங் வீட்டு வாசலில்தான். திரும்பி வரும்போது மணி இரண்டரை. மறுநாள் கருணாகரன், முழு நேரமும் உடனிருந்தேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டான்.

"உன் கையெழுத்து இருக்கு," என்றார் சேதுபதி. "உன்னை இழுத்துட்டுப் போனவன் நான். பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கெட்டிக் கலவையா வச்சு அடைச்சேன். விழாவுக்கு ஒரு நாள் தாங்கிட்டா, அப்புறம் ரகசியமா..."

"ஒரு நாள் தாங்கும்னு உங்களுக்கு யாருப்பா எழுதிக் குடுத்தா?" கோகிலா கத்திவிட்டாள். "என் பிள்ளைங்களை இறக்கிட்டீங்க. நாளைக்கு மேல ஏறுற ஊர்ச் சனத்தை யாரு இறக்குவா?"

கருணாகரன் சுத்தியலைக் கீழே வைத்தான். முகத்தில் இப்போது கோபம் இல்லை. அடி வாங்கியவன் முகமாக இருந்தது.

"டிரங்க் கால் போடப் போறேன். தேவதாஸ் சார்கிட்டச் சொல்லணும்."

"வேலை போயிடும்டா! கேஸ் போடுவாங்க! விஜயா வீட்டுல என்ன சொல்லுவாங்க, நெனச்சுப் பாத்தியா? அந்தப் பொண்ணு வாழ்க்கை..."

"நெனச்சுப் பாத்தேன்பா," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தான்.

*

இப்ராஹீம் கடையில் இருந்ததுதான் அந்தத் தெருவுக்கே ஒரே டெலிபோன். கோலாலம்பூர் லைன் கிடைக்க இருபது நிமிஷம் ஆனது. கோகிலா அண்ணன் தோளை ஒட்டி நின்றாள். சேதுபதி சிமெண்டு அப்பிய சட்டையோடு கடை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. சட்டையைப் பார்த்த இப்ராஹீம் எதுவும் கேட்காமல் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"சார், கருணாகரன் பேசறேன்."

"சொல்லுப்பா. லைட்டெல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சு சார். சார், எங்கப்பா முன்சுவரைப் பூசிட்டாரு. கொத்திப் பூசிட்டாரு."

அந்தப் பக்கம் எழுந்த சத்தம் கோகிலாவுக்கே கேட்டது. என் கட்டடத்தை என்ன நினைத்தீர்கள், யார் தொடச் சொன்னது, காலையில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று பொரிந்து தள்ளினார். கருணாகரன் அவர் ஓயும்வரை காத்திருந்தான்.

"சார், அது இல்ல விஷயம். கொத்தினதுல மேல்மாடத்துக்குக் கீழ ஒரு தூணு பொக்கையா இருக்கிறது தெரிஞ்சுபோச்சு. கம்பி தெரியுது. தூண் ஊத்தின அன்னிக்கு நாலரை மணி நேரம் நான் அங்க இல்ல சார். இருந்தேன்னு கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுதுதான். நாளைக்கு விழாவை நிறுத்துங்க சார். யாரையும் மேல ஏத்தக் கூடாது."

சொல்லி முடித்தான். வேலை போயிற்று. கல்யாணமும் போயிற்று என்றே வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதா என்று குழலைக் காதில் அழுத்தினான்.

"சார்? கேக்குதா சார்?"

"கேக்குது." தேவதாஸின் குரல் இப்போது மிகவும் தணிந்திருந்தது. "கருணா, பக்கத்துல யாரு இருக்கா?"

"என் தங்கச்சி சார்."

"அவளைத் தவிர வேற யாருக்கும் தெரியுமா?"

"அப்பாவுக்குத் தெரியும் சார்."

தேவதாஸ் குரலை இன்னும் தணித்துக்கொண்டு கேட்டார்.

"மூணாவது தூணா?"

மேல்மாடத்தைத் தாங்கி அங்கே ஆறு தூண்கள் நிற்கின்றன. எந்தத் தூண் என்று கருணாகரன் சொல்லவே இல்லை.